கேனப்பியின் நடுவே ஓடும் கோடு: ஆறு ஆண்டுப் பழக்கத்தில் கண்டது

எஃப்-16 போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடலில், விமானி அறையை மூடும் தெளிவான மூடியான கேனப்பியில் முன்னிருந்து பின்வரை ஓடிய மெல்லிய கோட்டை முதலில் விரிசல் என்றே நினைத்தேன். அது அச்சுக்கோடு. அந்தக் கேனப்பி அடியில் குறுகி மேலே உப்பியிருக்கும். அந்த வடிவத்தை நேராக இழுத்து அச்சிலிருந்து எடுக்க முடியாது. அதனால் அச்சைப் பக்கவாட்டில் பிரிக்கிறார்கள். பாதிகள் சேரும் இடத்தில் கோடு விழுகிறது. உண்மையான உப்பல் வேண்டுமென்றால் கோட்டையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆறு ஆண்டுகளாக ஒரே முறையைப் பின்பற்றுகிறேன். வளைந்த முனையுள்ள பிளேடை நிமிர்த்திப் பிடித்து, வெட்டாமல், மெதுவாகச் சுரண்டுவேன். கோடு பத்து நிமிடத்தில் போய்விடும். பிளேடு விட்ட கீறல்களைப் போக்கத்தான் மாலை முழுவதும் பிடிக்கிறது.

அதற்கு நான் நம்புவது 1500 முதல் 12000 வரை எண்ணிட்ட (எண் கூடக்கூட மென்மை கூடும்), மெத்தை போன்ற ஒன்பது தேய்ப்புத் துண்டுகளை. இவற்றின் 1500, சாதாரண உப்புத்தாளின் 1500-ஐவிட நன்றாகவே சொரசொரப்பானது. இது தெரியாமல் 2000 உப்புத்தாளில் தேய்த்த பிறகு இந்த 1500-ஐ எடுத்து, மென்மையாகியிருந்த பரப்பை நானே கெடுத்தேன். எப்போதும் தண்ணீர் தொட்டுத்தான் தேய்ப்பேன். ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் குறுக்கே தெரியும். அது முழுதும் மறையும்வரை அடுத்த எண்ணைத் தொடுவதில்லை. சோப்பு நீரில் கழுவி வைப்பதால் நுண்ணிய துண்டுகள் இன்றும் உழைக்கின்றன. முதல் இரண்டை மட்டும் மாற்றினேன்.

கேனப்பியின் பிளாஸ்டிக்கான தெளிவான பாலிஸ்டைரீன் எளிதில் உடையும். 1/72 அளவில் (நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு) கேனப்பியின் உட்புறம் களிமண் போன்ற ஒட்டுப்பசையை நிரப்பித்தான் அழுத்துகிறேன். சுழல் கருவி வேண்டவே வேண்டாம். அதன் சூட்டில் பிளாஸ்டிக் இளகிக் குழி விழுந்துவிடும்.

கடைசியில் தரைக்குப் பூசும் தெளிவான அக்ரிலிக் திரவத்தில் முக்கி, விளிம்பில் தேங்கும் துளியைத் தாளில் ஒற்றி, தூசி படாமல் மூடி ஓரிரவு விடுகிறேன். நுண்கீறல்களை அது நிரப்பும், ஆழமானவற்றை நிரப்பாது. பிசகினால் அமோனியாவில் கரைத்துவிட்டு மறுபடி முக்கலாம். ஒட்டும்போது சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி வெண்படலமாகப் படியும்.

ஒட்டாமல் பெட்டியில் வைத்திருந்த அந்த முதல் கேனப்பியைக் கடந்த மாதம் மறுபடி தேய்த்தேன். மாடலின் மேல் வைத்துப் பார்த்தால் இருக்கையின் பட்டைகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. பின்முனையில் ஒரு கீறல் மிச்சம். அதற்காக 2400-க்கு இறங்கப்போகிறேன்.