டக்ஸ் பெயிண்டா, ஜிகாம்ப்ரியா?

மே மாத லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் காரைக்குடிக்கு வந்திருந்தார்கள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. பழைய லேப்டாப்பில் டக்ஸ் பெயிண்ட் என்ற பிள்ளைகளுக்கான படம் வரையும் மென்பொருள், ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டுமே இலவசம், விளம்பரத் தொல்லை கிடையாது. அந்த வகையில் இரண்டும் ஒன்றுதான்.

எது பிடிச்சிருக்கு என்று கேட்டால் இரண்டுமே சூப்பராம். பிள்ளைகளுக்கு எந்த மென்பொருள் பிடிக்கிறது என்று ஆராய்கிறவர்களுக்கும் இதே பாடுதான். 'ஸ்மைலியோமீட்டர்' என்று ஐந்து முகம் வரைந்த ஓர் அளவுகோல் உண்டு, சின்னப் பிள்ளைகளிடம் அதை நீட்டினால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பெரிய சிரிப்பையே தொட்டுவிடுவார்கள். சரி என்று நான் வேறு கணக்கு வைத்தேன்: எத்தனை தடவை "அத்தை, இங்க வாங்க"?

ஜிகாம்ப்ரியில் நூற்றுக்கும் மேல் விளையாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி விதி. சின்னவள் புதிதாக ஒன்றைத் திறக்கும்போதெல்லாம் நான் ஓட வேண்டியிருந்தது. எண்ணெயில் வெள்ளைப் பணியாரம் ஊற்றியிருக்கும் நேரத்தில் அந்தக் குரல் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

டக்ஸ் பெயிண்டில் முதல் நாள் இரண்டு தடவை கூப்பிட்டாள், அவ்வளவுதான். 2002-லிருந்தே இருக்கும் மென்பொருள், ஆனால் பிள்ளை எங்கே மாட்டிக்கொள்ளும் என்று யோசித்தே செய்திருக்கிறார்கள். சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது. திறக்கப்போனால் வரைந்த படங்களே குட்டி குட்டியாக வரிசையில் நிற்கும், எழுத்துக்கூட்டத் தெரியாதவளும் நேற்றைய படத்தைத் தானே எடுத்துவிடுகிறாள். தப்பாகிவிட்டால் ஒரு படி பின்னால் போகலாம், தெரியாமல் வெளியேறும் பொத்தானைத் தொட்டாலும் நிஜமாகவே போகணுமா என்று கேட்டுவிட்டுத்தான் மூடும். அப்புறம் கலைடோஸ்கோப் என்று அதில் ஒரு கருவி. ஒரு கோடு இழுத்தால் நாலு பக்கமும் அதுவே விரியும். அதில் அவள் போட்டதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வளவுல பதிச்சிருக்க ஆத்தங்குடிக் கல்லுல்ல?" என்றார் அவளுடைய அப்பத்தா. அன்றிலிருந்து தினமும் ஒரு தரை.

பெரியவன் கதை வேறு. மூன்றாம் நாளே வரைவது சலித்துவிட்டது, ஜிகாம்ப்ரி கணக்குகளில் உட்கார்ந்தான். ஒவ்வொரு விளையாட்டும் எவ்வளவு கடினம் என்று காட்டும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையை வைத்து வயதுக்கு ஏற்றதைப் பிரித்துக் கொடுக்கலாம், அதை நான் ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள்தான் கண்டுபிடித்தேன். ஆகவே எட்டு வயதுக்கு மேல் எது தேவலை என்று சொல்ல எனக்குக் கிடைத்தது இரண்டு நாள்தான். ஐந்து வயதென்றால் டக்ஸ் பெயிண்டையே போடுங்கள்.