ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்ச பாப்பாவுக்கு சாப்பாடு ஆப்: எது உதவுது, எது வேணாம்

எங்க பாப்பாவுக்கு விஎஸ்டி, அதாவது இதயத்துல ஓட்டை, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுல இருந்து ஹக்கிள்பெர்ரி ஆப் யூஸ் பண்றோம். தூக்கத்துக்குன்னு பேர் எடுத்த ஆப்தான், ஆனா எங்களுக்கு உதவுனது பால் கணக்குக்கு. பாட்டில்ல எத்தனை எம்எல், தாய்ப்பால் எவ்ளோ நேரம், கூழ், மருந்து, டயப்பர் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு வைக்கலாம், இதுக்கு காசு கட்ட வேண்டியதில்ல. என் போன்லயும் அவர் போன்லயும் அம்மா போன்லயும் ஒரே கணக்கு ஓடுது, நைட் யாரு குடுத்தா எவ்ளோ குடிச்சான்னு யாரையும் எழுப்பி கேக்க வேணாம்.

இது ஏன் முக்கியம்னா, இந்த குழந்தைங்க பால் குடிக்கிறப்பவே மூச்சு வாங்கி வேர்த்து பாதியில விட்டுடுவாங்க, வெயிட்டே ஏறாது. மத்த கைக்குழந்தைக்கு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 கலோரி கிட்ட போதும்னா இவங்களுக்கு 120ல இருந்து 150 வரைக்கும் கூட தேவைப்படும். ஆனா அதுக்காக நிறைய பால் ஊத்திடவும் முடியாது, டாக்டர் ஒரு நாளைக்கு இவ்ளோ எம்எல் தான்னு லிமிட் போட்டிருப்பாங்க சில பேருக்கு. கம்மி பால்ல நிறைய கலோரி, அதான் டயட்டீஷியன் பாக்குற வேலை, அவங்ககிட்ட "நல்லாதான் குடிக்கிறா மேடம்"னு சொல்றதுக்கும் ஒரு வார கணக்க அப்படியே காட்டுறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு, நம்பர பாத்துதான் எங்களுக்கு பால மாத்தி குடுத்தாங்க.

பெரியவங்களுக்கான ஒரு கலோரி ஆப்பும் போட்டு பாத்தோம், பேர் வேணாம். அது வெயிட் குறைக்கிறவங்களுக்கு கட்டுனது, கம்மியா சாப்பிட்டா பாராட்டுது, நமக்கு தேவை நேர் எதிர். தயவுசெஞ்சு குழந்தைக்கு அத வச்சு டார்கெட் போடாதீங்க.

வெயிட் கிராஃப் விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க. மெல்ல மெல்ல ஏறுனா சந்தோஷம், ஆனா ஒன்னு ரெண்டு நாள்ல திடீர்னு ஏறி, கண்ணு கால் எல்லாம் வீங்குன மாதிரி இருந்து, டயப்பரும் கம்மியா நனைஞ்சா அது வளர்ச்சி இல்லங்க, உடம்புல தண்ணி சேருது, அப்பவே டாக்டருக்கு போன் போடுங்க. லாசிக்ஸ் மாதிரி நீர் பிரியற மருந்து குடுக்குறதே அதுக்குத்தான். ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது, கோடு மேல போனா நல்லதுன்னுதான் காட்டும்.

இன்னொன்னு, ஆப்ல வர்ற ரெசிபி டிப்ஸ். பருப்பு சாதத்துல நெய், முட்டை, ராகி கூழ் எல்லாம் வளர்ற குழந்தைக்கு நல்லதுதான், ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் சில குழந்தைங்களுக்கு நெஞ்சுக்குள்ள கொழுப்பு கலந்த நீர் சேரும், கைலோதொராக்ஸ்னு சொல்வாங்க, அவங்களுக்கு சில வாரம் சாதா கொழுப்பே கூடாது, எம்சிடிங்கற வேற வகை கொழுப்பு இருக்குற தனி பால் பவுடர்தான், சில சமயம் தாய்ப்பாலையே நிறுத்தி வைப்பாங்க. அந்த வீட்டுல போய் நெய் ஊத்துங்கன்னு ஒரு ஆப் சொன்னா எவ்ளோ ஆபத்து யோசிங்க!

கணக்கு எழுதி வைக்க ஹக்கிள்பெர்ரிக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். என்ன குடுக்கணும், எவ்ளோ குடுக்கணும்ங்கறத மட்டும் உங்க டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லட்டும். ஸ்மார்ட்போன் இல்லாத வீடா இருந்தா ஒரு நோட்டுல நேரம், எம்எல், மருந்து, டயப்பர்னு நாலு கோடு போட்டு எழுதுனாலும் அதே வேலை நடக்கும், செக்கப்புக்கு போறப்ப மறக்காம எடுத்துட்டு போங்க.