ஐந்தாம் செமஸ்டர் விருப்பப்பாடப் படிவம்: ஒரே வெர்டிகலா, கலவையா, ஹானர்ஸா, மைனரா?

நான்காம் செமஸ்டர் முடியும் தறுவாயில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மாணவர்களின் கைக்கு ஒரு படிவம் வருகிறது. அதில் ஐந்தாம் செமஸ்டருக்கான இரண்டு புரொஃபஷனல் எலெக்டிவ்களை, அதாவது துறை சார்ந்த விருப்பப்பாடங்களை, எழுதித் தர வேண்டும். முதல் பெஞ்சில் ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுத, படிவம் கடைசி பெஞ்சைத் தொடுவதற்குள் வகுப்பு முழுவதும் ஒரே இரண்டு பாடங்களை எழுதி முடித்திருக்கும். கிளாஸ் அட்வைசராக இருந்து இந்தப் படிவங்களைச் சில ஆண்டுகள் வாங்கி அடுக்கியவன் நான். இதை நிரப்ப ஆகும் பத்து நிமிடம், அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த வாசல் திறந்திருக்கும், எது மூடிக்கொள்ளும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது என்பதால், மாணவருக்கு இருக்கும் வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையின் கீழ் சேர்ந்தவர்களுக்கே இது பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரிகளின் கணக்கு வேறு.

முதலில் சட்டகம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் மொத்தம் ஆறு புரொஃபஷனல் எலெக்டிவ்களைப் படிக்க வேண்டும்: ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு, ஆறாம் செமஸ்டரில் நான்கு. ஒவ்வொன்றும் 3 கிரெடிட் (பட்டத்துக்காகச் சேர்க்க வேண்டிய பாட அலகு) என்பதால் மொத்தம் 18. பாடங்கள் ஏழு வெர்டிகல்களாக, அதாவது ஒரே பொருள் சார்ந்த பாடத் தொகுதிகளாக, பிரிக்கப்பட்டுள்ளன: டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, கிரியேட்டிவ் மீடியா, எமர்ஜிங் டெக்னாலஜிஸ், செயற்கை நுண்ணறிவு. ஒரு வெர்டிகலுக்கு எட்டுப் பாடங்கள். ஆறையும் ஒரே வெர்டிகலில் எடுக்கலாம். பலவற்றிலிருந்து பொறுக்கியும் எடுக்கலாம். இதற்கு மேல் 18 கிரெடிட் கூடுதலாகப் படித்தால் ஹானர்ஸ் (சொந்தத் துறையிலேயே கூடுதல் படிப்பு) அல்லது மைனர் (வேறு துறையில் கூடுதல் படிப்பு) பட்டம் உண்டு.

படிவங்கள் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் வரிசை விதியே காரணம். பாடப்பட்டியலில் வெர்டிகல்கள் செங்குத்தாகவும், அவற்றின் பாடங்கள் கிடைமட்டமாக ஒன்றுக்கு எதிரே ஒன்றாகவும் அச்சாகியிருக்கின்றன. ஒரே கிடைமட்ட வரிசையில் இருக்கும் இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுக்க முடியாது. ஒன்றை ஐந்தாம் செமஸ்டரிலும் மற்றொன்றை ஆறாம் செமஸ்டரிலும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. சென்ற முறை ஒரு மாணவி வெப் டெக்னாலஜிஸ், கிளவுட் கம்ப்யூட்டிங் இரண்டையும் ஐந்தாம் செமஸ்டருக்கு எழுதியிருந்தார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "சார், ரெண்டும் வேற வேற வெர்டிகல்தானே சார்?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான், ஆனால் இரண்டும் முதல் வரிசையில் இருக்கின்றன. "மேலேருந்து கீழே மட்டும் பார்த்திருக்கேம்மா, குறுக்கேயும் பாரு" என்றேன். ஒரே வரிசையில் உள்ளவற்றை ஒரே பீரியடில் வெவ்வேறு அறைகளில் நடத்திக்கொள்ளலாம் என்பது கால அட்டவணை போடுபவருக்கு வசதி. மாணவருக்கோ இது கண்ணுக்குத் தெரியாத வேலி.

ஒரே வெர்டிகலும் கலவையும்

இந்த வேலி யாரைப் பாதிக்கிறது என்று பார்த்தால், முதல் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. ஒரே வெர்டிகலில் ஆறையும் எடுப்பவருக்கு வரிசை விதியால் தொல்லையே இல்லை, ஏனெனில் அவருடைய ஆறு பாடங்களும் ஆறு வெவ்வேறு வரிசைகளில் இருக்கும். பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படுவதும் அவருக்கே கிடைக்கும் நன்மை: ஐந்தாம் செமஸ்டரில் எக்ஸ்ப்ளோரேட்டரி டேட்டா அனாலிசிஸ் படித்தவர், ஆறாம் செமஸ்டரில் நியூரல் நெட்வொர்க்ஸுக்கும் பிக் டேட்டாவுக்கும் வரும்போது தரவைச் சுத்தம் செய்வது எப்படி என்று புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வில் "நீங்கள் எதில் ஆழமாகப் படித்தீர்கள்?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லவும் முடியும்.

ஆனால் ஒரு வெர்டிகலின் எட்டுப் பாடங்களும் ஒரே தரத்தில் நடத்தப்படும் என்று எண்ணுவது ஏமாற்றத்தில்தான் முடியும். துறையில் டேட்டா சயின்ஸில் உண்மையான பயிற்சியுள்ள ஆசிரியர் இருவர் இருந்தால் அதுவே பெரிது. அவர்கள் இரண்டு அல்லது மூன்று பாடங்களை எடுப்பார்கள், மீதியை வேறு பாடப்பளு குறைவாக உள்ள யாரோ ஒருவர், அந்த ஆண்டுதான் முதன்முதலாகத் தாமும் படித்துக்கொண்டு நடத்துவார். நானே அப்படி ஒரு பாடத்தை நடத்தியிருக்கிறேன். மாணவர்களைவிட ஒரு யூனிட் முன்னால் இருந்தேன், அவ்வளவுதான். ஆகவே ஆசிரியர் யார் என்று கேட்காமல் ஆறையும் ஒரே வெர்டிகலில் எழுதுவதைவிட, நன்றாக நடத்தப்படும் நான்கை ஒரு வெர்டிகலில் எடுத்து, மீதி இரண்டை வேறிடத்தில் எடுப்பதே மேல் என்பது என் கணிப்பு. ஃபுல் ஸ்டாக்கில் நான்கும் சைபர் செக்யூரிட்டியில் இரண்டும் எடுத்தவர், வெப் அப்ளிகேஷன் ஒன்றைக் கட்டவும் அதை உடைத்துப் பார்க்கவும் தெரிந்தவராக வெளியே வருகிறார்.

கலவை என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எது சுலபம், எதில் இன்டர்னல் (கல்லூரியே போடும் மதிப்பெண்) தாராளம் என்ற கணக்கில் ஆறு பாடங்கள் பொறுக்கப்படுகின்றன. இந்தக் கணக்குக்கும் ஒரு காரணம் உண்டு. இந்த எலெக்டிவ்களில் பெரும்பாலானவை வாரம் இரண்டு பீரியட் வகுப்பு, இரண்டு பீரியட் ஆய்வகம் என்ற அமைப்பில் உள்ளன. வெறும் தியரிப் பாடத்துக்கு இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60 என்று பிரியும் மதிப்பெண், ஆய்வகம் சேர்ந்த பாடத்துக்கு 50, 50 என்று பிரிகிறது. பாதி மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே கிடைக்கிறது என்றால் சி.ஜி.பி.ஏ.வை (எல்லா செமஸ்டர்களின் ஒட்டுமொத்தச் சராசரியை) பார்க்கும் மாணவர் அங்கேதான் போவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதே அமைப்பின் மறுபக்கம், 3 கிரெடிட் பாடம் ஒன்று வாரத்தில் 4 பீரியட்களை எடுத்துக்கொள்கிறது என்பது. ஆறாம் செமஸ்டரின் நான்கு எலெக்டிவ்களும் அப்படி அமைந்தால் 16 பீரியட், அதாவது நான்கு ஆய்வகங்களும் நான்கு ரெக்கார்டு நோட்டுகளும். இதை மனத்தில் வைத்து, எழுத்துவேலை அதிகமுள்ள பாடங்களை ஐந்தாம் செமஸ்டருக்குத் தள்ளிவிடுவது கெட்டிக்காரத்தனம்.

எம்.இ., எம்.டெக். மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வை நினைத்திருப்பவருக்கு ஒரு சொல். கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளின் பாடத்திட்டம் முழுக்க அடிப்படைப் பாடங்களைச் சார்ந்தது, கிளவுடோ யு.ஐ. வடிவமைப்போ அங்கே உதவாது. 2024இல் அறிமுகமான டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுத் தாளை எழுத விரும்புவோருக்கு மட்டும் அந்த இரண்டு வெர்டிகல்களும் நேரடியாகக் கைகொடுக்கும்.

ஹானர்ஸ் என்னும் 18 கிரெடிட்

ஹானர்ஸில் இரண்டு வகை உண்டு. ஒரே வெர்டிகலில் கூடுதலாக 18 கிரெடிட் பெற்றால், பட்டத்தோடு அந்தச் சிறப்புத்துறையின் பெயரும் சேரும்; பல வெர்டிகல்களிலிருந்து 18 பெற்றால் வெறும் ஹானர்ஸ். இரண்டுக்கும் மூன்றாம் செமஸ்டர் வரை சி.ஜி.பி.ஏ. 7.50க்குக் குறையாமல் இருக்க வேண்டும். எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். முதல் செமஸ்டரில் கணிதத்தில் ஓர் அரியர் வைத்து, இரண்டாம் முறையில் எழுதித் தேறிய மாணவர், பின்னர் 9.0 எடுத்தாலும் இந்த வாசல் அவருக்கு அடைத்துவிட்டது.

இங்கேதான் ஒரே வெர்டிகல் என்ற முதல் வழியும் ஹானர்ஸ் என்ற மூன்றாம் வழியும் மோதுகின்றன, இதைப் பலர் கவனிப்பதில்லை. வெர்டிகலில் உள்ளது எட்டுப் பாடங்கள். அவற்றில் ஆறை வழக்கமான எலெக்டிவ் கணக்கில் செலவழித்துவிட்டால், கூடுதலாக எடுக்க அதே வெர்டிகலில் இரண்டே மிஞ்சும். ஹானர்ஸுக்கோ ஆறு தேவை. அதாவது டேட்டா சயின்ஸில் ஹானர்ஸ் வேண்டும் என்று விரும்புபவர், டேட்டா சயின்ஸ் பாடங்களில் இரண்டுக்கு மேல் வழக்கமான கணக்கில் தொடாமல் காப்பாற்றி வைத்து, மீதி எலெக்டிவ்களை வேறு வெர்டிகல்களில் எடுக்க வேண்டும். நியூரல் நெட்வொர்க்ஸ் போன்ற பாடம் டேட்டா சயின்ஸிலும் செயற்கை நுண்ணறிவிலும் ஒரே பெயரில் இருப்பதால், ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கமும் தீர்ந்துவிடுகிறது. நான்காம் செமஸ்டர் முடிவில் இந்தக் கணக்கைப் போடாதவர், ஆறாம் செமஸ்டரில் ஆசைப்பட்டுப் பயனில்லை.

இடையில் மனம் மாறினால் நட்டமில்லை என்பது விதிமுறையின் நல்ல அம்சம்: ஹானர்ஸைக் கைவிடுபவர் ஏற்கெனவே படித்த கூடுதல் பாடங்களை வழக்கமான புரொஃபஷனல் எலெக்டிவ்களுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஐந்தாம் செமஸ்டரில் ஒரு கூடுதல் பாடத்தை எடுத்துப் பார்ப்பதில் ஆபத்து குறைவு.

மைனர்

மைனருக்கும் அதே 18 கிரெடிட், அதே 7.50, ஆனால் தொடங்குவதற்கு முதல் முயற்சி நிபந்தனை இல்லை. வேறு பொறியியல் துறையின் வெர்டிகல் ஒன்றையோ, ஃபின்டெக் (நிதித் தொழில்நுட்பம்), தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா அனலிட்டிக்ஸ், சுற்றுச்சூழல் போன்ற பொதுவான வெர்டிகல்களில் ஒன்றையோ எடுக்கலாம். ஹானர்ஸோடு ஒப்பிடும்போது நான் மைனரின் பக்கம் சாய்வேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் கூடுதலாகப் படிக்கும் ஆறு கம்ப்யூட்டர் பாடங்களில் பாதியையாவது அவர் வேலைக்குப் போய் ஓராண்டில் தாமே கற்றுவிடுவார். ஆனால் வங்கி, காப்பீடு, முதலீடு ஆகியவற்றின் அடிப்படையை யாரும் அவருக்கு அலுவலகத்தில் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தரப் போவதில்லை. மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு இந்த வாதம் இன்னும் வலுவானது. குடிமைப் பணித் தேர்வு எழுதும் எண்ணமுள்ளவர் பொது நிர்வாகத்தைப் பார்க்கலாம். தேர்வுக்கான தயாரிப்பாக அது போதாது, ஆனால் படிக்கும் நேரம் வீணாகாது.

மேற்படிப்புக்காக வெளிநாடு போக நினைப்பவருக்கு மட்டும் நான் ஹானர்ஸைப் பரிந்துரைப்பேன். அங்கே அதே துறையில் எவ்வளவு ஆழமாகப் படித்தார் என்பது மதிப்பெண் பட்டியலில் தெரிய வேண்டும்.

என்.பி.டி.இ.எல். வழி

கல்லூரியில் ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் மாற்று. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் இந்தத் திட்டத்தில் 12 வாரப் பாடம் 3 கிரெடிட், 8 வாரம் 2, 4 வாரம் 1 என்று கணக்கிடப்படுகிறது. 12 வாரப் பாடத்தில் வாராந்திர அசைன்மென்ட்களில் சிறந்த எட்டின் சராசரி 25 மதிப்பெண்ணுக்கும், மையத்தில் நேரில் போய் எழுதும் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கும் கொள்ளப்படும். சான்றிதழ் பெற முதலாவதில் 10, இரண்டாவதில் 30 தேவை. கட்டணம் கட்டித் தேர்வுக்குப் பதிவு செய்யாமல் வீடியோக்களை மட்டும் பார்த்து முடித்த மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குக் கிரெடிட் கிடையாது.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் 2018 மாதிரிப் பாடத்திட்டம், 160 கிரெடிட் பட்டத்துக்கு மேல் 20 கிரெடிட்டை இணையவழிப் பாடங்களில் பெற்றால் ஹானர்ஸ் அல்லது மைனர் தரலாம் என்றது. அண்ணா பல்கலைக்கழகமோ தன்னுடைய 18இல் 6 கிரெடிட்டை மட்டுமே இணையவழியில் ஏற்கிறது. தரத்தைக் காக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் விளைவு என்னவென்றால், மீதி நான்கு பாடங்களைக் கல்லூரியே நடத்தியாக வேண்டும். பத்துப் பேர் ஹானர்ஸ் கேட்டால் அவர்களுக்காகக் கால அட்டவணையில் தனி இடமும் தனி ஆசிரியரும் ஒதுக்க வேண்டும். சிறிய கல்லூரியால் அது முடியாது. அங்கே ஹானர்ஸும் மைனரும் விதிப்புத்தகத்தில் மட்டும் இருக்கின்றன. அங்கே மாணவர் உண்மையில் தேர்ந்தெடுக்க முடிவது ஒரே வெர்டிகல், கலவை என்ற முதல் இரண்டு வழிகளுக்குள்தான்.

ஓப்பன் எலெக்டிவ், அதாவது பிற துறைகளிலிருந்து எடுக்கும் விருப்பப்பாடம், நான்கும் தனிக் கதை. ஆறாம் செமஸ்டரில் ஒன்று, ஏழாம் செமஸ்டரில் மூன்று. பட்டியலில் தீப்பாதுகாப்பு முதல் நகர்ப்புற வேளாண்மை, குடிநீர் சுத்திகரிப்பு வரை எல்லாம் உண்டு. ஏழாம் செமஸ்டரில் பிளேஸ்மென்ட் நேர்காணல்கள் நடப்பதால், போட்டித் தேர்வுகளுக்கான ஆங்கிலம் போன்ற லேசான பாடங்களுக்குக் கூட்டம் கூடுகிறது. அந்த நேரத்தில் அது தவறான முடிவும் அல்ல.

அந்த மாணவி இரண்டு நாள் கழித்துப் படிவத்தோடு திரும்பி வந்தார். கிளவுட் கம்ப்யூட்டிங்கை ஐந்தாம் செமஸ்டரில் வைத்து, வெப் டெக்னாலஜிஸை ஆறாம் செமஸ்டருக்குத் தள்ளியிருந்தார். இரண்டாவது எலெக்டிவ் இடம் காலியாகவே இருந்தது. "ஆப் டெவலப்மென்ட் யார் எடுக்கறாங்கன்னு சொன்னா எழுதிடறேன் சார்" என்றார்.