மெயினுக்கு நேரமில்லாத கச்சேரி

மார்கழி சீசன் அட்டவணை வந்ததும் முதலில் இந்தப் பாடகரின் பெயரைத் தேடுகிற ரசிகர்கள் சென்னையில் நிறைய. 6:30 மணிக் கச்சேரி, அரங்கம் நிரம்பி வழிந்தது. சாரீரத்தில் ஒரு குறையும் இல்லை; ஒன்றரைக் கட்டை ஸ்ருதியில் கீழ் ஸ்தாயியின் மந்திர பஞ்சமம்கூடத் தெளிவாகப் பேசியது. இருந்தும் கச்சேரி களை கட்டவில்லை. நேரத்தைப் பங்கிட்ட விதமும் மைக்கும்தான் காரணம்.

வர்ணத்துக்குப் பின் நான்கு கீர்த்தனை, நான்குக்கும் கல்பனாஸ்வரம், அதாவது மேடையிலேயே கற்பனையாகக் கோத்துப் பாடும் ஸ்வரங்கள். கைதட்டல் வாங்கிக் கொடுத்தது, சரி. ஆனால் கச்சேரியின் முக்கிய உருப்படியான மெயினுக்கு எடுத்த காம்போதி ராகத்தைத் தொடும்போது மணி 8:10. ஒன்பதுக்குத் திரை விழுந்தாக வேண்டும்.

அவசரத்தைத் தாங்குகிற ராகமா காம்போதி? காந்தாரம், பஞ்சமம், தைவதம் இவற்றில் கார்வை கொடுத்து, அதாவது ஸ்வரத்தை நீட்டி நின்றால்தான் அதன் உருவம் தெரியும். இவரோ கீழே சஞ்சாரமே செய்யாமல் மேலேறி, மேல் ஸ்தாயியின் தார காந்தாரத்தில் ஒரு மூச்சுகூட நிற்காமல் பிருகாவாக, அதிவேக ஸ்வரக் கோவைகளாகக் கொட்டினார். காகலி நிஷாதம் (உயர்ந்த 'நி') வந்து போகும் 'ஸநிபதஸ' என்ற ராகப் பிடிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அது இரண்டே முறை கிடைத்தது. கீர்த்தனை 'ஓ ரங்கசாயி'. வழக்கமான 'பூலோக வைகுண்டம்' வரியில்தான் நிரவல் (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது). மெதுவான கீழ்க்காலம் ஊன்றுவதற்குள் வேகமான மேல்காலம். வயலின்காரர் பதிலை முடிக்குமுன்பே அடுத்த ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) பறிக்கப்பட்டது. பாவம், அவர் முகத்திலேயே தெரிந்தது.

தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனிக்கு 6 நிமிடம். ஒவ்வோர் எண்ணிக்கையும் இரட்டிக்கும் இரண்டு களை ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் சுமார் 12 விநாடி என்று வைத்தால் மொத்தமே 30 ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் அதைப் பங்கிட்டு, குறைப்பு, மோரா, கோர்வை என்ற வழக்கமான பகுதிகளை எல்லாம் அடக்க வேண்டும். மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடைக்குப் போகவே வழியில்லை. அந்த நேரத்தில் கேன்டீனுக்கு எழுந்து போனவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

இனி ஒலி. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியை ஒட்டி மைக் வைத்திருந்தார்கள். ஒருதிசை மைக்கை அவ்வளவு நெருக்கினால் கனத்த தொனி தானாகவே பெருகும். பாஸைக் குறைக்காமல் வால்யூமை ஏற்றியதால் தொப்பியில் எழும் வளைந்த ஓசையான கும்கிகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் அதிர்வாகிவிட்டன. வலப்பக்கமான வலந்தலையில் மீட்டு, சாப்பு என்ற அடிகள் பிரிந்து கேட்கவில்லை. மைக்கை ஒரு சாண் தள்ளி, பாட்டு மைக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும். பாடகர், மேடையில் தன் குரல் தனக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரை ஏற்றச் சொல்லிக் கை காட்டிக்கொண்டே இருந்தார். ஏற்ற ஏற்ற ஊளைச் சத்தம்தான் வந்தது. தனக்கே தன் குரல் கேட்காதவர் கார்வையில் எப்படி நிற்பார்? திரை தூக்குமுன் பக்கவாத்தியங்களோடு சேர்ந்து பத்து நிமிடம் பாடிப் பார்த்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

இதே அரங்கில் இவருடைய அடுத்த கச்சேரிக்குப் போகிறவர்கள் பக்கவாட்டு ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே உள்ள இருக்கைகளைத் தவிர்த்து, நடு வரிசையில் மையமாக எடுங்கள். பால்கனிக்கு அடியில் வேண்டாம், கும்கி அங்கே இன்னும் மோசம்.