கிண்டியில் வெளிமானைக் காக்க: புள்ளிமானை இடம் மாற்றுவதா, புல்வெளியை மீட்பதா?

கிண்டி தேசியப் பூங்கா 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதற்குள் புள்ளிமானும் வெளிமானும் ஒரே புல்லுக்குப் போட்டியிடுகின்றன. வெளிமான் இம்மண்ணுக்கே உரியது. புள்ளிமான் பின்னாளில் கொண்டுவந்து விடப்பட்டது. (வெளிமான், கண்டிப்பாகச் சொன்னால், மான் குடும்பமே அல்ல, அதன் முறுக்குக் கொம்பு உதிர்வதில்லை.)

பலன்
இடமாற்றம்: மேய்ச்சல் நெருக்கடி உடனே குறையும். ஆனால் மிஞ்சியவை பெருகிவிடும்.
புல்வெளி: மெதுவாகத்தான் தெரியும். ஆனால் வெளிமானுக்கு உண்மையில் வேண்டியது இதுதான். ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு ஓடிப் பிழைக்கும் விலங்கு அது. புதர் அடர்ந்தால் கண்ணும் காலும் கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும். புள்ளிமானோ புல், தழை, உதிர்ந்த பழம் என எதையும் தின்று புதருக்குள்ளும் வாழ்ந்துவிடும்.

ஆபத்து
இடமாற்றம்: பிடிபடும் பதற்றத்திலேயே மான் இறக்கலாம். மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா தேசியப் பூங்காவில் புனல் வடிவ அடைப்புக்குள் ஆள் தொடாமல் நடத்தி லாரியில் ஏற்றுகிறார்கள். நகர நடுவே, சுற்றிலும் வாகன இரைச்சலோடு அதைச் செய்வது லேசல்ல.
புல்வெளி: புல்வெளியை மீட்கப் புதர்களைக் கண்மூடித்தனமாக வெட்டினால் புதர்க்காட்டுப் பறவைகள் இடம் இழக்கும்.

உழைப்பு
இடமாற்றம்: அவ்வப்போது.
புல்வெளி: ஆண்டுதோறும். வெட்டிய சீமைக் கருவேலம் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும்.

புல்திட்டில் புள்ளிமான் கூட்டம் மொய்த்து வெளிமான் குட்டிகள் தேறாத ஆண்டில் இடமாற்றம் பொருந்தும். மற்றபடி என் வாக்கு புதர் வெட்டும் அரிவாளுக்கு. முதல் வெட்டு, பூங்காவுக்குள் இருக்கும் போலோ திடல் என்ற புல்வெளியின் ஓரப் புதர்களுக்கு.