ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ: சாகக் கிடக்கிற ஹார்ட் டிஸ்க்கில் முதலில் ஓட்டவேண்டியது

கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்களில் சேரும் வீடியோ பல இடங்களில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கும். அது ஒருநாள் திறக்கவே அரைமணி எடுக்கும்; இல்லாவிட்டால் போர்மட் பண்ணவா என்று விண்டோஸ் கேட்கும். உடனே ஆட்கள் இறக்குவது வண்ணத்திரையோடு வரும் ஏதாவதொரு ரெக்கவரி மென்பொருளை. பிழை அங்கேதான் தொடங்குகிறது. தவறி அழித்த பைலைத் தேடுவது ஒரு வேலை. பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலிருந்து உள்ளதை வெளியே எடுப்பது வேறு வேலை.

டிடிரெஸ்கியூ இரண்டாவதை மட்டும் செய்யும். அந்தோனியோ டியாஸ் டியாஸ் 2004 இலிருந்து எழுதிவரும் இலவச மென்பொருள். பைல், போல்டர் எதுவும் அதற்குத் தெரியாது. முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக (செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு கிடக்கும் மிகச்சிறிய துண்டு) ஒரு இமேஜ் பைலாக, அதாவது டிஸ்க்கின் அச்சொட்டான நகலைக் கொண்ட ஒரே பைலாக, கொப்பி எடுக்கும். கெட்டித்தனம் அது போகும் ஒழுங்கில் இருக்கிறது. வாசிக்க முடியாத இடம் வந்தால் நின்று மல்லுக்கட்டாது. தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளும். பிறகு திரும்பிவந்து கெட்ட பகுதியை இரு ஓரத்தாலும் நெருக்கும். மிஞ்சியதை ஒவ்வொரு செக்டராகச் சுரண்டுவது கடைசியில்தான். விண்டோஸில் இழுத்துப்போட்டுக் கொப்பி எடுத்தால் கெட்ட செக்டரிலேயே முட்டிமுட்டி, டிஸ்க்கை வாசிக்கும் ஹெட்டின் மிச்ச ஆயுளும் போய்விடும்.

எங்கள் ஊருக்கு இது தோதானது மேப் பைலால். வந்த பகுதி எது, வராதது எது என்று சின்னதொரு பைலில் குறித்துக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு பொறி உண்டு: சிஸ்டம்ரெஸ்கியூ என்ற, பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில் பூட் செய்து ஓட்டும்போது எல்லாம் ரம்மில் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில்) இருக்கும். மேப் பைலை அங்கே விட்டால் கரண்டோடு அதுவும் போகும். கொப்பி போய்ச்சேரும் டிஸ்க்கிலேயே வையுங்கள். மேப் பைலின் பெயரே கொடுக்காவிட்டாலும் மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் ஓடும். அது பெரிய குறை.

தொடங்குமுன், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற மென்பொருளில் 05 (மாற்றப்பட்ட செக்டர்கள்), சி5 (வாசிக்கச் சிரமப்படும் செக்டர்கள்), சி6 (வாசிக்கவே முடியாதவை) வரிகளைப் பாருங்கள். சி5 ஏறிக்கொண்டு போனால் இனி அந்த டிஸ்க்கில் விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டக்கூடாது. அது பழுதான டிஸ்க்கில் எழுதும். சி7 (கேபிள் வழியே வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், டிஸ்க்கில் பழுதே இல்லாமலிருக்கலாம்.

1 டிபி டிஸ்க்குக்கு 2 டிபி வெற்று டிஸ்க் ஒன்று வேண்டும். அதன் போர்மட் என்டிஎப்எஸ் ஆக இருக்கட்டும். பாட்32 போர்மட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் நிற்காது. எந்த டிஸ்க் எது என்று அளவையும் சீரியல் நம்பரையும் பார்த்து உறுதிசெய்யுங்கள். கட்டளையில் முதலில் பழுதான டிஸ்க், அடுத்து இமேஜ், கடைசியில் மேப் பைல். இமேஜ் பைலாக எடுக்கும்போது, ஒரு டிஸ்க்கின் மேலேயே எழுத அனுமதிக்கும் ‘போர்ஸ்’ தெரிவு தேவையில்லை. அதைப் போடாதவரை, ஒழுங்கு மாறினாலும் டிஸ்க்கின் மேல் எழுத மறுக்கும். முதல் ஓட்டம், கடைசிச் சுரண்டலை விட்டுவிடும் ‘நோ ஸ்க்ரேப்’ தெரிவோடு. அது முடிந்தபின் அதை நீக்கி, மூன்று மறுமுயற்சியோடு இரண்டாவது ஓட்டம்.

நல்ல நிலையிலுள்ள 1 டிபி, நொடிக்கு 100 எம்பி வேகத்தில், மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும். பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் ஒன்பது மணி. பழுதானது நாட்கணக்கில் இழுக்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் டிஸ்க்குக்கு நேரே ஒரு மேசைக் காற்றாடி வையுங்கள். 50 பாகையைத் தாண்டவிடாதீர்கள்.

இமேஜ் கைக்கு வந்ததும் பழுதான டிஸ்க்கைக் கழற்றிவிடலாம். இனி டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை இமேஜில் ஓட்டினால் போல்டரும் பெயரும் அப்படியே வர வாய்ப்புண்டு. அது கைவிட்டால், பைல்களை அவற்றின் உள்ளடக்கத்தை வைத்தே தேடி எடுக்கும் போட்டோரெக். ஆனால் பெயர் எல்லாம் போய்விடும், துண்டுதுண்டாகக் கிடந்த நீள வீடியோக்கள் பெரும்பாலும் ஓடாது. படங்களை அவற்றுக்குள் பதிந்த திகதியை வைத்து ஒழுங்குபடுத்தலாம்.

கறுப்புத் திரையில் தட்டெழுதுவதற்குப் பயப்படுகிறவர் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. மற்றபடி, காசு கேட்கும் மென்பொருள்களில் பலவற்றை விட இதை முன்னே வைப்போம்.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்று தட்டினால் இதையும் ஓட்டவேண்டாம். மின்சாரத்தை உடனே நிறுத்துங்கள். பிரீசருக்குள் வைக்கும் வைத்தியம் நமது ஈரக்காற்றில், தரவு பதிந்த தட்டான பிளேட்டரில் தண்ணீர் படியவைக்கத்தான் உதவும். அதே மொடல் டிஸ்க்கின் அடியிலுள்ள சர்க்கிட் போர்ட்டை வாங்கி மாற்றினாலும் சரிவராது. ஒவ்வொரு டிஸ்க்குக்குமான அளவீடுகள் பழைய போர்ட்டின் ரொம் சிப்பில் இருக்கும், அதையும் கழற்றிப் புதியதில் ஒட்டவேண்டும். கிளீன் ரூம் (தூசியில்லாத அறை) உள்ள இடத்துக்குத்தான் அனுப்பவேண்டும், அதற்கு முன் யாரும் மூடியைத் திறக்காதிருக்க வேண்டும். கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் அன்ரிஸ்டாட்டிக் பையில் போட்டு, குமிழித்தாள் நாலு சுற்றுச் சுற்றி, பஸ்ஸின் டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.