ஊட்டிப் புல்லுக்கு வால் சக்கரமா, மூக்குச் சக்கரமா?

இரண்டு வருடம் மூக்குச் சக்கரப் பயிற்சி விமானத்தைப் பறக்கவிட்டேன்; மூக்கடியில் ஒரு சக்கரம், அதற்குப் பின்னால் இறக்கைப் பக்கம் இரண்டு. இந்தப் பனிக்காலத்தில் வால் சக்கரத்துக்கு மாறிவிட்டேன்; இதில் முன்னால் இரண்டு, வாலடியில் சின்னதாக ஒன்று. இரண்டுமே ரிமோட் விமானங்கள்தான். 1.4 மீட்டர் இறக்கை, மின்மோட்டார், மூன்று செல் லிப்போ பேட்டரி. பழையது கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா பையன் இரவல் கொடுத்தது. "அண்ணா, அதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கோங்க" என்றான். அவன் ஊருக்கு அது சரி. தார்த்தரையோ சிமெண்ட் தரையோ கிடைத்தால் மூக்குச் சக்கரம் கோடு போட்டது போல ஓடும், கற்றுக்கொள்ளவும் சுலபம். வானில் ஏறிவிட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஊட்டியில் எங்களுக்கு வாய்த்ததோ கிக்குயு என்ற புல். பார்க்க மெத்தை போலிருக்கும்; உள்ளே கொடி கொடியாகப் பின்னிக் கிடக்கும், நடுநடுவே காட்டெருமைக் குளம்புக் குழிகள். இறங்கும்போது மூக்குக்கம்பி அதில் மாட்டினால் மொத்த வேகமும் அந்த ஒற்றைக் கம்பி மேல் விழுகிறது. கம்பி பின்னால் வளையும், அதைப் பொருத்திய முன்பலகை பிளக்கும், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ என்ற குட்டி மோட்டாரின் பல் உதிரும், புரொப்பல்லர் மண்ணைக் கொத்தும். கம்பியை எத்தனை முறை நிமிர்த்தினேன் என்ற கணக்கே இல்லை. முன்பலகையை மூன்று முறை எபாக்சி போட்டு ஒட்டினேன். கீழேயிருந்து கூரியரில் சர்வோ வந்து சேர்வதற்குள் நல்ல வெயிலடித்த வாரம் ஒன்று போய்விடும். வால் சக்கர விமானத்தில் அடி வாங்குவது இரண்டு தடித்த முன்கால்கள். வால் சக்கரம் பின்னால் இழுபட்டு வரும், அவ்வளவுதான். அதன் கம்பி உடைந்தால் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துப் போட்டுவிடலாம். 1958-இல் முதலில் பறந்த நம் எச்.ஏ.எல். நிறுவனத்தின் புஷ்பக் என்ற நிஜ விமானமும் வால் சக்கர விமானம்தான்.

ஆனால் வாங்கிய கையோடு பறக்கவிடாதீர்கள். சக்கர அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே வரும்படி கால்களை முன்னோக்கி வளைத்தேன்; இல்லாவிட்டால் இதுவும் புல்லில் குப்புறக் கவிழும். கூட வந்த சின்னச் சக்கரங்களுக்குப் பதிலாக 90 மி.மீ. நுரைச் சக்கரங்கள். அவற்றின் முன்பக்கம் துளி உள்நோக்கித் திரும்பியிருந்தால் ஓட்டம் நேராகும்.

அடுத்தது மலைக்காற்று. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். இறங்கும் வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், மோட்டாரின் இழுவை குறையும். அதனால் 10 அங்குல புரொப்பல்லரை எடுத்துவிட்டு 11 மாட்டினேன். அதே விமானத்தைக் கோவைக்குக் கொண்டுபோனால் மறக்காமல் பழையதை மாட்ட வேண்டும். அங்கே அடர்ந்த காற்றில் 11 அங்குலம் கூடுதல் கரண்ட் இழுத்து மோட்டாரைச் சூடேற்றும்.

வால் சக்கரத்தின் குறை தரையில்தான். எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், லேசாகத் திரும்பினாலும் வால் சுற்றி முன்னே வரப் பார்க்கும். முதல் இரண்டு நாள் பறக்கவே விடாமல் தரையில் மட்டும் ஓட்டிப் பழகினேன். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) இழுத்துப் பிடித்து, த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, மெல்ல ஏற்றி, வலது ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் மடிப்பு) கொஞ்சம் கொடுத்தால் நேராகப் போகிறது. பக்கக்காற்றில் இரண்டு முறைதான் இறக்கியிருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் மூக்குச் சக்கரமே மேல் என்று இப்போதைக்குப் படுகிறது.

மே மாதம் தம்பி மேலே வருகிறான். அந்தப் பழைய விமானத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மூக்குக்கம்பியைக் கழற்றிவிட்டு, மற்ற இரண்டு கால்களை முன்னால் நகர்த்தி, வாலில் ஒரு சக்கரம் வைத்துப் பார்க்க வேண்டும்.